ஓசை பிடித்த குடுக்கையும் ஒரு பிடிப் பயறும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், சேவல் கூவாவிட்டால் சூரியன் வராது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், கருங்கல்மலை நாட்டின் ஓரத்தில் செங்கோடன் என்று ஒருவன் இருந்தான். சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். இது ஒரு கோபக்காரன் கதை. ஆனால் அவன் கோபத்தில் நியாயம் இருந்தது.

அவன் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். பூவாயி என்று ஒரே மகள். ஒரு சேவல், ஒரு நாய், ஓர் ஆடு. அந்த வீட்டுக்குச் சந்தைக்குப் போகும் வழக்கம் இல்லை. உப்பு மட்டும்தான் வெளியிலிருந்து வரும். மற்றதெல்லாம் வீட்டைச் சுற்றியிருந்த நிலத்தில் விளையும். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். அடுப்புச் சாம்பல் கத்தரிக்குப் போகும். ஆட்டுப் புழுக்கை அவரைக்குப் போகும். எதுவும் வீணாகாது.

வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் அண்ணன் மாரப்பனின் நிலம். அவனும் அப்படித்தான் வாழ்ந்தான். சுற்றுவட்டாரத்தில் வேறு வீடே கிடையாது. அண்ணன் தம்பிக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தம்பியின் விதையில் பாதி அண்ணன் வீட்டுப் பானையில் இருக்கும். அண்ணன் விதையில் பாதி தம்பி வீட்டுப் பானையில் இருக்கும். ஒரு வீடு எரிந்தாலும் நனைந்தாலும் இன்னொரு வீட்டில் விதை பிழைத்துக் கிடக்கும்.

அந்த வழக்கத்தை ஒரு பூசணிக்காய் கெடுத்தது. செங்கோடன் வைத்த கொடி வரப்பைத் தாண்டிப் போய் அண்ணன் நிலத்தில் குடம் மாதிரி ஒரு காய் வைத்தது. மாரப்பன் அதை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டான். கேட்டதற்கு, என் நிலத்தில்தானே கிடந்தது என்றான். வேர் யாருடையது? தண்ணீர் ஊற்றியது யார்? நீங்களே சொல்லுங்கள்.

செங்கோடன் அண்ணனின் விதைப் பானையைக் கொண்டுபோய் வரப்பில் வைத்தான். இனி உன் பக்கம் விழுவது உனக்கு, என் பக்கம் விழுவது எனக்கு, பேச்சு முடிந்தது என்றான். தன் பானையைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்பதும் பேச்சுதானே. பெரியப்பாவைக் கூப்பிடக் கூடாது என்று மகளிடமும் சொல்லிவிட்டான்.

எட்டு வருடம் போனது. எட்டாவது வருட மழையில் கூரை ஒழுகி, வீட்டிலிருந்த விதைப் பானை நிறையத் தண்ணீர். விதையெல்லாம் பானைக்குள்ளேயே முளைத்து அழுகி நாறியது. குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் அண்ணன் இருந்தான். செங்கோடன் கேட்கவில்லை.

அந்த ஆடி மாதம் ஒரு மந்திரவாதி வந்தான். ஒட்டிய கன்னம், தோளில் பெரிய சுரைக்குடுக்கை. மடியிலிருந்து பளபளவென்று விதையை எடுத்துக் காட்டினான்.

"என்ன கேக்கறே?" என்றான் செங்கோடன்.

"பணமெல்லாம் வேண்டாம். உன் வீட்டில் ஓர் ஓசை. அதை நான் பார்த்து எடுத்துக்கொள்வேன்."

மந்திரத்துக்கு ஒரு கட்டு உண்டு என்றும், அதைச் சொல்லாவிட்டால் பலிக்காது என்றும் சொல்லிவிட்டு அதையும் சொன்னான். செங்கோடன் மண்ணில் விளைந்த காய், செடியிலேயே காய்ந்து, கை படாமல் தானாக வெடித்தால் குடுக்கையும் வெடிக்கும். சொல்லிவிட்டுச் சிரித்தான். ஏன் சிரித்தான் என்பது அறுவடையில் தெரிந்தது. செடி ஆள் உயரம் வளர்ந்தது, காய் கை நீளம் காய்த்தது, ஆனால் ஒன்றும் காயவில்லை. பழுக்கும், அழுகும். பிளந்து பார்த்தால் உள்ளே வெறும் பஞ்சு. அடுத்த வருடத்துக்கு விதை கிடையாது. ஆடிக்கு ஆடி அவன் வருவான், அவனிடமே வாங்க வேண்டும்.

முதல் வருடம் சேவலின் கூவல் போனது. சேவல் கழுத்தை நீட்டும், வாயைத் திறக்கும், ஒன்றும் வராது. குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் அண்ணன் இருந்தான். செங்கோடன் கேட்கவில்லை.

இரண்டாவது வருடம் நாயின் குரைப்பு போனது. அப்போதும் கேட்கவில்லை.

மூன்றாவது வருடம், மிச்சமிருப்பது ஆடுதானே, கத்தாவிட்டால் போகட்டும் என்று நினைத்து விதைக்குக் கையை நீட்டினான். வீட்டு வாசலில் பூவாயி நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சோறு..."

அதோடு நின்றது. அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. குடுக்கையை அடைத்துக்கொண்டு மந்திரவாதி போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீடு எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. விடிந்தால் விடிந்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. யாராவது வந்தால் வந்தார்கள் என்று சொல்ல ஒன்றும் இல்லை. யாரும் வரவும் இல்லை. அப்பனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவன் ஏதாவது சொல்வான். அவள் தலையை ஆட்டுவாள். கொஞ்ச நாளில் அவனும் சொல்வதை விட்டுவிட்டான். கத்தரிச் செடிகளிடம் மட்டும் பேசினான். வரப்புக்கு அந்தப் பக்கம் மாரப்பன் தன் மாட்டை அதட்டுவது காதில் விழும். அதைக் கேட்பதற்காகவே செங்கோடன் வரப்போரம் களை எடுப்பான். களை இல்லாத நாளிலும் எடுப்பான்.

சித்திரையில் ஒரு மத்தியானம் நாய் ஓடி வந்து அவன் வேட்டியைக் கடித்து இழுத்தது. அது இழுத்த பக்கம் போனால் கிணறு. படி சரிந்து, பூவாயி உள்ளே ஒரு வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தொங்கியிருக்கிறாள். காலையிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். இருபது அடி தூரத்தில் வெண்டைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவளைத் தூக்கி மேலே உட்கார வைத்தான். உள்ளங்கை கிழிந்திருந்தது. அதைக் கட்டிவிட்டு நேரே வரப்புக்குப் போனான். ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தான். பதினொரு வருடத்தில் முதல் தடவை.

"அண்ணா, விதை வேணும்."

மாரப்பன் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கழுத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட பானையைக் கொண்டு வந்தான். செங்கோடனின் பானை. உள்ளே பச்சைப்பயறு, ஒரு பிடி, புதுசாக.

"உன் விதைதான். வருசா வருசம் ஒரு சால் போட்டு மாத்தி வெச்சேன். போன மழை பொய்ச்சதுல பயறு மட்டுந்தான் தங்குச்சு."

"ஏன் கொண்டாந்து குடுக்கலே?"

"கொண்டாந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

செங்கோடன் யோசித்தான். "பானையை உம்மேலேயே போட்டு ஒடச்சிருப்பேன்."

"அதுக்குத்தான்," என்றான் மாரப்பன்.

பூசணிக்காயைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

வரப்போரம்தான் ஈரம் இருந்தது. அங்கேதான் பயறு விதைத்தான். மூன்றே வரிசை பிழைத்து வந்தது. ஆனி கடைசியில் காய் கறுத்தது. இப்போது ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பயறு எடுப்பவர்கள் விடியலில் பனி ஈரத்தோடு எடுத்துவிடுவார்கள். வெயில் ஏறினால் காய் முறுக்கி வெடித்து மணியெல்லாம் சிதறிவிடும். செங்கோடன் வாழ்நாளில் ஒரு மணியைக்கூடச் சிதற விட்டதில்லை.

ஆடி முதல் நாள் விடியலில் கூடையோடு போனான். பூவாயி வந்து கூடையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவனுக்குக் கட்டு நினைவு வந்தது. செடியிலேயே காய்ந்து, கை படாமல். இரண்டு பேரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. குடுக்கையோடு மந்திரவாதியும் வந்து சேர்ந்தான். பயறைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. ஆனால் வாய் இனித்தது.

"செங்கோடா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது பார். வெடித்தால் பாதி மணி உன் அண்ணன் நிலத்தில் விழும். அவன் பக்கம் விழுந்தால் அவனுக்கு. நீ சொன்னதுதானே? பூசணிக்காய் தின்ற வாய் இதையும் தின்னும். இப்போதே பறித்துவிடு."

செங்கோடனின் கை காய் மேல் போனது. ஆமாம், போனது. பதினொரு வருடக் கோபம் ஒரு காலையில் செத்துவிடுமா? விரல் காயைத் தொட இருந்தது. பூவாயி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளங்கைத் தழும்பு சொரசொரவென்று உறுத்தியது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "விழட்டும்," என்றான்.

சட்டென்று ஒரு காய் முறுக்கி வெடித்தது. மணிகள் பறந்து வரப்பைத் தாண்டி விழுந்தன. குடுக்கையில் கீறல் விழுந்தது. கூரைமேல் சேவல் கூவியது. இன்னொரு காய் வெடித்தது. நாய் குரைத்தது; இரண்டு வருடக் குரைப்பையும் சேர்த்து மந்திரவாதியைப் பார்த்தே குரைத்தது. மூன்றாவது காய் வெடித்தது. குடுக்கை இரண்டாகப் பிளந்தது. ஒரு வருடத்துக்கு முன் பாதியில் நின்ற குரல் மீதிப் பாதியோடு வந்தது.

"...ஆறிப்போச்சு, வாங்க!"

மந்திரவாதி வாயைத் திறந்தான். ஓசை வரவில்லை. பிறர் ஓசையைத் தவிர அவனிடம் ஒன்றும் இருந்ததில்லை. நாய் அவனை மலை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது.

செங்கோடன் அழுதான். பூவாயி அவன் தோளைத் தட்டினாள். பிறகு வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பினாள். அங்கே மாரப்பன் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி, கூப்பிடாமல் வருவதா வேண்டாமா என்று நின்றிருந்தான்.

"பெரியப்பா, நீங்களும் வாங்க."

செங்கோடன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இலை போடும்போது மூன்று இலை போட்டான்.

வரப்பின் இரண்டு பக்கமும் பயறு தானாக முளைத்தது. யார் பக்கத்தில் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. விதைப் பானைகள் பழையபடி வீடு மாறி இருந்தன. கிணற்றுப் படியை இரண்டு பேரும் சேர்ந்து கட்டினார்கள். அடுத்த வருடம் வரப்பின் உச்சியிலேயே ஒரு பூசணி விதையைப் பூவாயி ஊன்றினாள். அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகட்டும் என்றாள்.

சேவல் கூவியது, குடுக்கை உடைந்தது, என் கதையும் ஆயிற்று. ஆனால் ஒன்று. அந்தப் பழைய பூசணிக்காய் தம்பியுடையதுதான்.