இலுப்பை மரத்தடிக் கூட்டம்

ஒரு காட்டில் பெரிய இலுப்பை மரம் ஒன்று இருந்தது. மாலையானால் விலங்குகளும் பறவைகளும் அதன் அடியில் கூடிப் பேசும். எங்கே தண்ணீர் கிடைக்கிறது, எந்தப் பக்கம் சிறுத்தை திரிகிறது என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். கூட்டத்தை நடத்தும் பொறுப்பு ஒரு மைனாவிடம் இருந்தது.

முதலில் சில விலங்குகள்தான் வந்தன. பேச்சு சுவையாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பக்கத்துக் காடுகளிலிருந்தும் வரத் தொடங்கின. மரத்தடியில் நிற்க இடமில்லை. ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழவில்லை.

ஒரு நாள் புள்ளிமான் மூச்சு வாங்க ஓடி வந்தது.

"என் குட்டியைக் காணவில்லை. யாராவது பார்த்தீர்களா?"

அந்த நேரம் பார்த்துக் குரங்கும் மயிலும் வாதாடிக்கொண்டிருந்தன.

"கிழக்குத் தோப்பு மாம்பழம்தான் இனிப்பு" என்றது குரங்கு.

"மேற்குத் தோப்புப் பழத்தை நீ தின்றதே இல்லை. அதனால்தான் இப்படிப் பேசுகிறாய்" என்றது மயில்.

பாதிக் கூட்டம் குரங்கின் பக்கம். பாதிக் கூட்டம் மயிலின் பக்கம். மான் மறுபடி கேட்டது. யாருக்கும் கேட்கவில்லை.

மைனா கிளையில் நின்று சிறகடித்தது. "எல்லோரும் வரிசையில் நில்லுங்கள். ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பேசலாம்."

வரிசையில் முதலில் நின்றது கரடி. அது தேன் எடுக்கப் போன கதையைத் தொடங்கியது. வெயில் சாய்ந்தது. கதை சாயவில்லை.

"கரடியண்ணே, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கடைசியில் நின்ற மான் கேட்டது. "இருட்டினால் சிறுத்தை கிளம்பிவிடும்."

"கொஞ்சம் பொறு. இப்போதுதான் மரத்தில் ஏறப்போகிறேன்" என்றது கரடி.

மானின் கண்களைப் பார்த்ததும் மைனாவுக்கு மனம் பதறியது. 'இந்த வரிசை உதவாது' என்று அது புரிந்துகொண்டது.

"கேளுங்கள்" என்றது மைனா. "கதை சொல்பவர்கள் அதோ அந்தப் பாறைக்குப் போங்கள். வாதாடுபவர்கள் ஓடைக்கரைக்குப் போங்கள். உதவி கேட்பவர்களும் உதவி செய்பவர்களும் மட்டும் மரத்தடியில் இருங்கள். யார் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அந்தந்த இடத்தில் அந்தந்தப் பேச்சுதான்."

கரடி சந்தோஷமாகப் பாறையில் ஏறியது. தேன் பிரியர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மயில் தன் கூட்டத்தோடு ஓடைக்கரைக்குப் போனது. குரங்கு மட்டும் கிளையைவிட்டு இறங்கவில்லை.

"எனக்கும் உதவி வேண்டும். மயிலுக்குப் புத்தி வர யாராவது வழி சொல்லுங்கள்" என்றது.

மைனாவுக்குச் சிரிப்பு வந்தது. "உன்னை யார் போகச் சொன்னார்கள்? இங்கேயே இரு. ஓடைக்கரையில் மயில் மட்டும்தான் பேசுகிறது. எதிர்த்துப் பேச ஆளில்லை. எல்லோரும் மேற்குத் தோப்புதான் என்று ஒப்புக்கொண்டுவிடுவார்கள் போலிருக்கிறது."

அடுத்த நொடி குரங்கு ஓடைக்கரையில் இருந்தது.

மரத்தடி அமைதியானது. "இப்போது கேளுங்கள், மான் அக்கா" என்றது மைனா.

மான் கேட்டது. மரத்தின் வேரோரத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. அது ஆமை.

"குட்டியை நான் பார்த்தேன். குளத்துத் தாழம்புதரில் கால் சிக்கி நிற்கிறது. வந்ததிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் பேசியது எனக்கே கேட்கவில்லை."

மரத்தடியில் உதவி செய்ய நின்ற யானை ஆமையை மெதுவாகத் தூக்கித் தன் முதுகில் வைத்துக்கொண்டது. "வழி காட்டுங்கள்" என்றது. மான் முன்னே பாய்ந்தது.

குளக்கரையில் யானை தாழை மடல்களை விலக்கியதும் குட்டி துள்ளி வெளியே வந்தது. மான் அதை நக்கி நக்கி நனைத்துவிட்டது. ஆமையோ, யானையின் முதுகிலிருந்து காட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. அவ்வளவு உயரத்திலிருந்து அது எதையும் பார்த்ததில்லை.

"யானையாரே, திரும்பும்போது சுற்று வழியாகவே போகலாமா?" என்று கேட்டது ஆமை.

நீதி: பேச்சுக்குத் தகுந்த இடம் ஒதுக்கினால், மெல்லிய குரலும் எல்லோர் காதிலும் விழும்.