மணியடித்தால் ஓடும் மாப்பிள்ளை

மணி அடித்தால் கஞ்சி. ஆனைக்கல் பண்ணையில் இதற்கு மேல் யாரும் எதையும் யோசித்ததில்லை.

அடிப்பவர் கஞ்சி காய்ச்சும் கருத்தாண்டி. ஊற்றுபவள் அவர் மகள் சிலம்பாயி. குடிப்பவர்கள் ஒச்சப்பன், மூக்கையா, தவசி, இருளாண்டி என்ற நாலு பேர். இவர்களுக்குக் கலயம் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கஞ்சி தீர்ந்ததும், உள்ளே இன்னும் இருக்கிறதா என்று பார்க்கக் கலயத்தை உடைத்துவிடுவார்கள். அதனால் இரண்டு கையையும் குவித்து ஏந்தித்தான் குடிக்க வேண்டும்.

மணி கேட்டதும் இவர்கள் கால்கள் ஓடிவிடும், எந்த மணி என்று விசாரிப்பதில்லை. சந்தையில் காளை கழுத்தை ஆட்டினால் விற்க வந்த மாட்டை விட்டுவிட்டுப் பண்ணையின் கஞ்சிக் கொப்பரையைப் பார்த்து ஓடிவந்துவிடுவார்கள். ஒரு சாவு வீட்டில் சேகண்டி அடித்தபோது, ஓடுவதற்கு வழி இல்லாமல், பிணத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறார்கள். துட்டி கேட்க வந்தவர்கள் அதை அந்த ஊர் வழக்கம் என்று நினைத்துத் தாங்களும் நீட்டினார்கள்.

ஒச்சப்பனுக்குச் சிலம்பாயி மேல் உயிர். மற்றவர்களுக்கு மேலாக மொண்டு ஊற்றுகிறவள், இவனுக்கு மட்டும் அகப்பையை அடிவரைக்கும் விட்டுக் கெட்டியாக எடுப்பாள். இதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படித்தான் சொல்வாள்? கருத்தாண்டியும் சம்மதித்தார். அம்மன் கோயிலில் முகூர்த்தம் வைத்தார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் பூசாரி மணியை அடித்தார்.

ஒச்சப்பன் தாலியோடு ஓடினான். மூன்று சிநேகிதர்களும் கூடவே ஓடினார்கள். காலிக் கொப்பரையின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியபோது கோயிலில் கருத்தாண்டி மட்டும் நின்றிருந்தார்.

"இன்னொரு முகூர்த்தம் பார்க்கிறேன். அதிலயும் ஓடுனே, எம்மகளை வேற ஊருல கொடுத்துருவேன்" என்றார்.

அன்றைக்கே நால்வரும் கூடிப் பேசினார்கள். நாலு பேரில் மூக்கையாதான் அறிவாளி. யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான், சில சமயம் குறட்டையும் விடுவான்.

"ஏன்டா ஓடுனே?"

"நான் ஓடலைண்ணே. காலு ஓடிருச்சு."

"ரெண்டு காலுமா?"

"ரெண்டும்."

"ஒத்தக் காலாவது நின்னிருக்கலாம்" என்றான் இருளாண்டி வருத்தமாக.

"நீங்களும்தானே ஓடியாந்தீங்க?"

"எங்களுக்கா கல்யாணம்? நாங்க ஓடலாம்" என்றான் தவசி.

நால்வரும் பக்கத்து ஊர் வைத்தியரிடம் போனார்கள். அவர் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். "இது வியாதி இல்லை, பழக்கதோஷம். உனக்குத் தெரியாமலே கால் ஓடுகிறது. தெரிந்து செய்யப் பழகிக்கொள், சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினார்.

தெரியாமல் நடப்பதுதான் நோய் என்றால், தெரிவித்துவிட்டால் தீர்ந்தது. அதற்குத் தவசியை நியமித்தார்கள். அன்றிலிருந்து அவன் ஒச்சப்பன் காதோரமே குடியிருந்தான்.

"ஒச்சப்பா, இப்ப நீ கண்ணை மூடுறே."

"தெரியும்."

"தெறக்குறே."

"தெரியும்."

"கொட்டாவி விடப்போறே. இந்தா, விட்டுட்டே."

பாவம், ஒச்சப்பனால் தூங்கவே முடியவில்லை. கண் சொருகும்போதெல்லாம், "ஒச்சப்பா, நீ தூங்கிட்டே" என்று தவசி உலுக்கித் தெரிவித்தான். வைத்தியத்தைப் பாதியில் விடக் கூடாது என்பதில் அவன் கண்டிப்பானவன்.

கடைசியில் கருத்தாண்டி மணியை அடித்துச் சோதித்துப் பார்த்தார். ஒச்சப்பன் பறந்தான். பின்னாலேயே தவசி மூச்சிரைக்க, "ஒச்சப்பா, இப்ப நீ ஓடுறே!" என்று கத்தினான்.

"தெரியும்!" என்று கத்திக்கொண்டே ஒச்சப்பன் கொப்பரையடிக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்கே உட்கார்ந்து அவன் வாய்விட்டு அழுதான். வேறு ஊர்க்காரன் எவனுக்கோ சிலம்பாயி அடிக்கஞ்சி ஊற்றுவதை நினைத்ததும் அழுகை இன்னும் கூடியது. மூக்கையா கண்ணை மூடினான். குறட்டை வந்தது. பிறகு கண்ணைத் திறந்தான்.

"காலு போற எடத்துலயே கல்யாணத்தை வச்சா, அது எங்கடா ஓடும்?"

கருத்தாண்டியே எழுந்து நின்று அவனைக் கும்பிட்டார்.

அடுத்த முகூர்த்தம் கொப்பரையடியில் நடந்தது. கஞ்சி ஆவி பறந்தது. சிலம்பாயி பட்டுடுத்தி, கொப்பரைக்குப் பக்கத்தில், கையில் அகப்பையோடு நின்றாள். வெறுங்கையோடு நிற்க அவளுக்குப் பழக்கமில்லை. பூசாரி தாலியை ஒச்சப்பன் கையில் கொடுத்துவிட்டு மணியை அடித்தார்.

"ஒச்சப்பா, இப்ப நீ ஓடலை!" என்றான் காதோரம் நின்ற தவசி.

"தெரியும்!" ஒச்சப்பனுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது.

"இப்ப நீ கையேந்துறே."

"தெரியும்."

சிலம்பாயியின் காதோரம் யாரையும் நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏந்திய கையைக் கண்டதும் அவள் கை அகப்பையை அடிவரைக்கும் விட்டுக் கெட்டியாக மொண்டு ஊற்றியது. ஒச்சப்பன் கை வாய்க்குப் போனது. தாலிக்கயிறு முருங்கைக்கீரைத் தண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது.

"ஒச்சப்பா, இப்ப நீ தாலியை முழுங்குறே."

"தெரியும்" என்றான் ஒச்சப்பன், விழுங்கி முடித்துவிட்டு.

கூட்டத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கல்யாணம் ஆயிற்றா, ஆகவில்லையா? கருத்தாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். ஒச்சப்பன் மூக்கையாவின் முகத்தையே பார்த்தான்.

"தாலி கழுத்து வழியாத்தானே போச்சு?" என்றான் மூக்கையா.

"ஆமா" என்றது கூட்டம்.

"யாரு கழுத்து?"

"ஒச்சப்பன் கழுத்து."

"போட்டது யாரு?"

"சிலம்பாயி."

"அப்ப கல்யாணம் ஆயிருச்சு. ஒச்சப்பன்தான் பொண்ணு."

கருத்தாண்டிக்கு உயிர் வந்தது. மகளைப் பிரிய வேண்டாம், மருமகள் வீட்டுக்கு வருகிறான்! சிலம்பாயி ஒச்சப்பனை ஏற இறங்கப் பார்த்து, "சரி, வா" என்றாள். சிநேகிதர்கள் மூவரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "போற எடத்துல அடக்க ஒடுக்கமா இருக்கணும். மாமனாரை எதுத்துப் பேசாதே."

சந்தோஷத்தில் பூசாரி இன்னொரு தரம் மணியை அடித்தார். அழுதுகொண்டிருந்த மூவரும் அப்படியே வரிசையில் உட்கார்ந்து கையேந்தினார்கள். பூசாரியும் மணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஒச்சப்பன் ஓடவில்லை. உட்காரவும் இல்லை. புருஷன் சாப்பிடுவதற்கு முன்னால் புதுப்பெண் சாப்பிடலாமா? கொப்பரைக்குப் பின்னால் ஒதுங்கி, தலையைக் குனிந்து, கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றான்.

வாயில் கஞ்சியோடு தவசி எட்டிப் பார்த்தான்.

"ஒச்சப்பா, இப்ப நீ வெக்கப்படுறே."

"அப்படியா? எனக்குத் தெரியலையேண்ணே" என்றான் ஒச்சப்பன். "தானா வருது."