சோத்துக்கைக்கு ஓர் உறை

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. சிரிக்காதீர்கள், உலகத்தில் இதுவும் நடக்கும்.

சீடர் ஞானப்பிரகாசம் முப்பது வருடம் குழந்தை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். கைகால் அசைவை முடக்கும் பெருமூளை வாதம் வரக்கூடிய பச்சைக் குழந்தைகளை முளையிலேயே கவனிக்கும் வித்தையைக் கற்க, பிசியோதெரபிஸ்ட் ஷமீமாவிடம் வந்து சேர்ந்திருந்தார். பாயில் சம்மணம் போட முட்டி ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் மனுஷர் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு மாரிச்செல்வி தன் எட்டு மாதக் குழந்தை தர்ஷனோடு வந்தாள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. அதனால் ஒருதடவை இங்கே காட்டிவிடச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். அவள் முகத்தில் கவலையே இல்லை, பூரிப்புதான்.

"எம்புள்ள இப்பவே சோத்துக்கைக்காரன், அக்கா. எதை நீட்டுனாலும் வலது கையாலதான் வாங்குவான். எங்க மைனிக்கு ஒரே பெருமை. பீச்சாங்கையில நாங்க ஒண்ணுமே குடுக்கிறதில்ல."

ஷமீமா தன் வளையலைக் கழற்றிக் குழந்தையின் இடது பக்கம் நீட்டினாள். தர்ஷன் வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே எக்கி அதைப் பிடுங்கினான். இடது கை மூடியது மூடியபடியே கிடந்தது. மறுபடி நீட்டினாள். மறுபடியும் அப்படித்தான்.

"பாத்தீங்களா, சமர்த்து!" என்றாள் மாரிச்செல்வி.

ஞானப்பிரகாசம் அந்த மூடிய இடது கையையே பார்த்தார். ஒரு வயதுக்குள் பிள்ளைகள் இரண்டு கையையும் ஒன்றுபோலத்தான் நீட்டும். ஒரு கை மட்டும் ஓடி வந்தால், மற்றது வரமுடியாமல் இருக்கிறதோ என்று பார்க்க வேண்டும். இப்படிச் 'சமர்த்து' என்று காட்டிய எத்தனை தாய்மாரைச் சிரித்து அனுப்பியிருப்பார்!

ஷமீமா பருத்தித் துணியில் தைத்த சின்ன உறையைக் குழந்தையின் வலது கையில் மாட்டினாள். வளையலால் இடது விரல்களை மெல்லத் தடவினாள்.

தர்ஷன் வீறிட்டான்.

"ஐயோ அக்கா! நல்லா இருக்கிற கையைப் போய்க் கட்டுறீங்களே, இது என்ன அநியாயம்!"

ஷமீமா உடனே உறையைக் கழற்றினாள். "தினம் அரைமணி நேரம், விளையாடும்போது மட்டும். நீயே கூட இருந்து விளையாட்டுக் காட்டணும். அழுதா கழட்டு, சிரிச்சா மாட்டு. இந்த இடது கைக்கும் வேலை வரணும்ல?"

மாரிச்செல்வி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, நரைத்த தலையின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்க பெரியவரு. நீங்க சொல்லுங்க. ரெண்டு வயசு வரைக்கும் பொறுத்துப் பார்த்தா என்ன? பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்வாங்களே."

'பொறும்மா' என்பது முப்பது வருடமாக அவர் வாயில் ஊறிய சொல். இப்போதும் அதை அவர் சொன்னால் போதும், இவள் எழுந்து போய்விடுவாள். திரும்பி வரமாட்டாள்.

அவர் ஷமீமாவைப் பார்த்தார். "டீச்சர், அந்த நோய்தான்னு இன்னும் உறுதியாகல. நாளைக்கு ஒண்ணுமே இல்லைன்னு ஆச்சுன்னா?"

"அம்மாகூடக் கொஞ்ச நாள் கூடுதலா விளையாடியிருப்பான். அவ்வளவுதானே, விளையாடட்டும்."

"இருந்துச்சுன்னா?"

ஷமீமா குழந்தையை வாங்கி அவர் மடியில் வைத்தாள். மூடிக் கிடந்த அந்தக் குட்டிக் கையை எடுத்து அவர் உள்ளங்கைக்குள் வைத்தாள்.

"இந்த வயசுல பழகாத கை பின்னால பழகுறது கஷ்டம். பொறுன்னு அம்மாகிட்டச் சொல்றது சுலபம் சார். இந்தக் கைகிட்டச் சொல்லிப் பாருங்க."

ஞானப்பிரகாசம் அந்தக் கையை மெல்லப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

மாரிச்செல்வி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்த உறையைக் குடுங்க அக்கா. எப்படி மாட்டணும்னு எனக்குக் காட்டுங்க."