எண்பது கஜத்துக் கில்ட்

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருக்கும் இருதயராஜுக்குத் 'தெரியாது' என்ற வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்டி வந்ததே கிடையாது. பள்ளிக்கூட பேண்டு நடத்தும் ஸ்டெல்லா டீச்சர் கட்டம் போட்ட கம்பளித் துணியோடு வந்து, "கில்ட் தைப்பீங்களா அண்ணாச்சி? ஸ்காட்லாந்துக்காரங்க பேக்பைப் வாசிக்கையில போடுவாங்களே, அது. முழுக்கக் கைத்தையல். எதிர்க்கடையில முடியாதுன்னுட்டாங்க" என்றபோதும் வரவில்லை. எதிர்க்கடை கைவிட்டதை எப்படி விடுவது?

"கில்ட்டா? ஏழெட்டுத் தச்சிருக்கேன்."

"எப்போ?" என்றாள் நபீசா. பன்னிரண்டு வருஷமாக அதே கடையில் காஜா போடுகிறவள்.

"நீ வாரதுக்கு முந்தி."

டீச்சர் விடவில்லை. "மடிப்பு எப்படி வச்சீங்க? கட்டத்தோட கட்டம் சேர்ற மாதிரியா, மடிப்புக்கு மடிப்பு ஒரே கோடு வர்ற மாதிரியா?"

கேள்வியே அவருக்குப் புரியவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டுந்தான். ஒரு வெள்ளைக்காரர் வந்தாரு, ஏழடி உசரம். எண்பது கஜம் துணி. கட்டத்தோட கட்டம் சேத்து மடிச்சேன். ஒரு நூல் பிசகல, பாத்துக்கிடுங்க. பஸ் ஸ்டாண்டுல நிக்காரு, பின்னால ரெண்டு பேரு அந்தக் கட்டத்துல காய் வச்சுச் செஸ் ஆடுதானுவ. ஆட்டம் முடியிற வரைக்கும் மனுசனால உக்கார முடியல."

"காய் கீழ விழாதா?"

"மடிப்புல செருகி வச்சானுவ நபீசா. அவ்வளவு இறுக்கம்."

"அப்போ கோடு?" என்றாள் டீச்சர்.

"அதக் கேளுங்க. கோடு பிடிச்சு மடிச்சுக் குடுத்தேன். அவரு ரயில்வே கேட்டத் தாண்டுதாரு, செங்கோட்டை ரயிலு தண்டவாளத்த விட்டுட்டு அந்தக் கோட்டுக்குப் பின்னாலயே போயிட்டு. அவரு டீக்கடைக்குள்ள நுழைஞ்சாரு, ரயிலும் நுழைஞ்சிட்டு."

"சரியான நேரத்துக்கா?" என்றாள் நபீசா.

"பத்து நிமிசம் முந்தி."

டீச்சர் சிரித்துவிட்டாள். இருதயராஜுக்கு அதுவே போதும்.

"பொறவு இஸ்திரி போட்டேன். மடிப்பு ஒவ்வொண்ணும் கத்தி. மார்க்கெட்டுல ஒரு சுத்துச் சுத்தினாரு, ரெண்டு பக்கமும் கிடந்த வெண்டைக்காய் பூராவும் நறுக்கி விழுந்துட்டு."

"ஒரே அளவாவா?" என்றாள் நபீசா.

"ஒரு பக்கம் பொரியலுக்கு, ஒரு பக்கம் சாம்பாருக்கு!"

"சரி அண்ணாச்சி, எனக்குக் கோடே இருக்கட்டும். பேண்டுக்கு முன்னால நாந்தான் நடக்கேன். பின்னால வர்றவங்களுக்குச் சிவப்புக் கோடு வரிசையாத் தெரியணும்."

நபீசா டீச்சருக்கு இடுப்பு அளந்தாள். முழங்கால் வரை உயரம் அளந்தாள். டேப்பைச் சுருட்டிவிட்டாள். நோட்டில் குறித்துக்கொண்டிருந்த இருதயராஜ் பென்சிலை நிறுத்தினார். மெல்ல நபீசா பக்கம் சாய்ந்தார்.

"தொடை அளவு எடுக்கலையே நபீசா. ரெண்டு காலையும் எந்த இடத்துல பிரிக்கது?"

டீச்சர் காதிலும் அது விழுந்துவிட்டது. அவள் மேசையிலிருந்த துணியை எடுத்து நபீசாவின் கையில் கொடுத்தாள்.

"பிரிக்கக் கூடாது அண்ணாச்சி," என்றாள் நபீசா. "அது பாவாடை."