கொற்றி ஏற்றிய கல்

அந்தக் காலத்தில் காற்றும் முதலையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசும். நெடுந்துறைத் தோணிகள் நெல் ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போகும்போது ஒரு குறையும் வராது. நெல்லை இறக்கிவிட்டு வெறுந்தோணியாகத் திரும்பும்போதுதான் காற்று கவிழ்த்துவிடும். கொற்றியின் புருஷன் அப்படித்தான் போனான். தோணி மட்டும் கரை ஒதுங்கியது. அதைச் செப்பனிட்டுக் கொற்றியே ஓட்டத் தொடங்கினாள்.

ஒருமுறை அவள் தீவில் நெல்லை இறக்கிய வேளையில் கடல் முறுக்கிக்கொண்டது. கூட வந்தவர்கள் தோணியில் ஏற மறுத்தார்கள். ஊரில் அவர்களுடைய பிள்ளைகளோ வழிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன செய்வதென்று தெரியாமல் கொற்றி தீவின் கழிமுகத்துக்கு நடந்தாள். அங்கே வெள்ளம் பெருகி ஓடியது. பெரிய மரங்களெல்லாம் உருண்டு போயின. நடுவில் ஒரு முதலை மட்டும் அசையாமல் கிடந்தது.

“உன்னை மட்டும் ஏன் வெள்ளம் புரட்டவில்லை?” என்று கேட்டாள்.

“வயிற்றில் கல் கிடக்கிறது,” என்றது முதலை.

“அவ்வளவு பசியா?”

“பசிக்கு மீன் இருக்கிறது. கல் விழுங்குவது புரளாமல் இருக்க.”

கொற்றி நேரே திரும்பிவந்து, கரையில் கிடந்த கருங்கற்களைச் சுமந்து தோணியின் அடியில் அடுக்க ஆரம்பித்தாள். அவள் கொழுந்தன் பூதன் பதறிப்போய் ஓடிவந்தான்.

“மதினி, கல்லை ஏற்றினால் தோணி முழுகாதா?”

“வரும்போது எத்தனை பாரம் நெல் ஏற்றினோம். முழுகினோமா?”

பூதன் வேட்டியை மடித்துக் கட்டினான். அவனும் கல் சுமந்தான். கற்கள் உருளாதபடி இடுக்கெல்லாம் மணலைக் கொட்டி இறுக்கினார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

நடுக்கடலில் காற்று பிடித்துக்கொண்டது. தோணி ஒருபக்கமாகச் சாய்ந்தது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. பூதன் பயத்தில் ஒரு கல்லைக் கடலில் எறியத் தூக்கிவிட்டான்.

“கீழே வை, பூதா,” என்றாள் கொற்றி, சுக்கானை விடாமல். “அது போனால் நாமும் போனோம்.”

அவன் கல்லை வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். சாய்ந்த தோணி மெல்ல நிமிர்ந்தது. காற்று மறுபடி அடித்தது. தோணி மறுபடியும் நிமிர்ந்தது.

“யாருடைய தோணி இது?” என்று கேட்டது காற்று.

“நீ கவிழ்த்தாயே, அவனுடையது. ஓட்டுகிறவள் அவன் பெண்டாட்டி,” என்றாள் கொற்றி.

காற்று தணிந்தது. பாயில் வந்து நிறைந்து, தோணியை ஊர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

நெடுந்துறையே கரையில் திரண்டு நின்றது. அப்படிப்பட்ட கடலில் வெறுந்தோணி திரும்பியதை அங்கே யாரும் பார்த்ததில்லை. பூதன் கற்களை இறக்கிக் கரையில் குவித்தான். “எங்கள் மதினி ஏற்றிய கல்” என்று வருவோர் போவோருக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினான்.

அன்று முதல்தான் சரக்கில்லாத தோணி அடியில் கல்லும் மணலும் ஏற்றாமல் கரையை விடுவதில்லை. இன்றைய இரும்புக் கப்பல்கூடச் சரக்கில்லாதபோது கடல்நீரையாவது வயிற்றில் நிரப்பிக்கொண்டுதான் புறப்படுகிறது.