பேக்கரி அடுப்பில் ஒரு சிலிண்டர் ஹெட்

"கண்ணாடி மாதிரி சீவி வெச்சிருக்கேன். இதைப் போய் ஓரமாத் தள்ளுறீங்களே, மாஸ்டர்?" என்று கேட்டார் சூசைமாணிக்கம்.

மாஸ்டர் என்று அவர் சொன்னது கோகிலவாணியை. கோயம்புத்தூர் கணபதியில் பந்தயக் கார்களின் எஞ்சினைப் பழுதுபார்க்கிற பட்டறை அவளுடையது. வயது முப்பத்து நாலு.

சீடர் சூசைக்கு ஐம்பத்தேழு. திண்டுக்கல்லில் முப்பது வருஷம் லாரிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். கார் வேலையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு டிபன் கேரியரோடு வந்து சேர்ந்து நாலு மாதம் ஆகிறது.

மேசை மேல் ஒரு சிலிண்டர் ஹெட் இருந்தது. எஞ்சினுக்கு மூடி மாதிரி மேலே உட்காருகிற அலுமினியக் கட்டி. நஸ்ரின் என்ற பெண் ஓட்டுகிற பந்தயக் காருடையது. எஞ்சின் கொதித்து, ஹெட் வளைந்து போய் வந்திருந்தது.

வளைந்திருந்த அடிப்பக்கத்தை மெஷினில் கொடுத்துச் சீவி மட்டமாக்கிவிட்டார் சூசை. யாரையும் கேட்கவில்லை. மாஸ்டர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

அந்த ஹெட்டைக் கம்பெனிக்காரர்கள் செய்வதை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம். இது போனால் வேறு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

கோகிலவாணி, எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிற கேம்ஷாஃப்ட் என்கிற நீளத் தண்டை எடுத்தாள். ஹெட்டின் மேல்பக்கத்தில் அதற்கென்று இருக்கிற ஐந்து பள்ளங்களில் படுக்க வைத்தாள். எண்ணெய் விட்டாள். மூடிகளைப் போட்டு முறுக்கினாள்.

"சுத்துங்ணா."

சூசை இரண்டு விரலால் சுற்றினார். அசையவில்லை.

முழுக் கையால் சுற்றினார். அசையவில்லை.

"தண்டுல ஏதோ கோளாறு, மாஸ்டர்."

"புதுத் தண்டுங்ணா. இப்பத்தான் காகிதத்தைப் பிரிச்சேன்."

சூசை குனிந்து ஒரு பக்கமாகப் பார்த்தார். அடிப்பக்கம் மட்டமாக இருந்தது. மேல்பக்கம் வளைந்தது வளைந்தபடியே இருந்தது.

ஐந்து பள்ளங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை; தண்டு எப்படிச் சுற்றும்?

"லாரி ஹெட்டுல மேல தண்டே கிடையாதே," என்றார். "அது கீழ எஞ்சினுக்குள்ள கிடக்கும். அடியைச் சீவினா வேலை முடிஞ்சுது. முப்பது வருஷமா அப்படித்தான்."

"இது லாரி இல்லீங்களே."

"முதல்ல வளைவை நிமித்திட்டு அப்புறம் சீவியிருக்கணும்."

"ஆமாங்."

"நான் சீவிட்டேன்."

"ஆமாங்."

"சீவினதைத் திரும்ப ஒட்ட முடியாது."

"முடியாதுங்."

"கொஞ்சம் திட்டவாவது செய்யுங்க, மாஸ்டர்!"

"திட்டினா நிமிர்ந்துக்குமுங்களா?"

அவள் ஹெட்டின் கனத்தை நாலு இடத்தில் அளந்தாள். அளந்ததை மறுபடி அளந்தாள்.

"இன்னும் ஒருவாட்டி சீவ இடமிருக்குங்ணா. ஒரேவாட்டி. அதுக்கு மேல போனா, பேப்பர் வெயிட்டுத்தான்."

பட்டறை மூலையில் ஓர் அடுப்பு இருந்தது. மூடிப்போன பேக்கரி ஒன்றிலிருந்து வாங்கியது. சூடானால் இன்னமும் பன் வாசம் வரும்.

ஹெட்டை ஒரு தடித்த இரும்புப் பலகை மேல் வைத்தார்கள். இரண்டு முனைக்கும் அடியில் மெல்லிய தகடு கொடுத்தார்கள். நடுவில் இருக்கிற போல்ட்டை முறுக்கி, நடுப்பாகத்தைக் கீழே இழுக்க வேண்டும். அப்படியே அடுப்புக்குள் வைத்தால், சூட்டில் ஹெட் மெல்ல மெல்ல நிமிரும்.

"எவ்வளவு முறுக்கணும்?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"அது கத்துறதுக்கு முன்னால."

சூசை ஸ்பேனரை அவளிடமே கொடுத்துவிட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு அடுப்பை அணைத்தாள் கோகிலவாணி. கதவைத் திறக்கவில்லை.

"இனி?"

"தானா ஆறட்டும். நாளைக்குக் காலையில எடுக்கலாம்."

"நாளைக்கா? ஃபேனைத் திருப்பி வெச்சா சாயங்காலமே ஆறிடுமே!"

வேகமாக ஆறினால் ஹெட் மறுபடி வளைந்துவிடும். கோகிலவாணி யோசித்தாள். பட்டறையில் இருந்த ஒரே டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள ஒரே புழுக்கமுங்ணா."

ஐந்து மணிக்கு நஸ்ரின் வந்தாள். வாசலிலேயே குரல் வந்துவிட்டது.

"அங்கிள், என் ஹெட் எங்க?"

"அடுப்புல."

"வெந்துடுச்சா?"

சூசையால் சிரிக்க முடியவில்லை. "நான்தாம்மா அவசரப்பட்டுச் சீவிட்டேன். இப்ப நிமித்தப் பார்க்கறோம். நிமிர்ந்தா உண்டு. இல்லேன்னா…"

நஸ்ரின் அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பந்தயத்தை விட்டால் இந்த வருஷத்துக்கு அவளுக்கு வேறு பந்தயம் இல்லை. அவர் மேல் கத்துவாள் என்று சூசை காத்திருந்தார். அவள் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"எப்பத் தெரியும்?"

"நாளைக்குக் காலையில."

"அது வரைக்கும் நான் எப்படித் தூங்கறது? கொஞ்சூண்டு திறந்து பாருங்க அங்கிள். ஒரே ஒரு நிமிஷம்."

சூசை மாஸ்டரின் அறைப் பக்கம் பார்த்தார். ஃபேன் சத்தம் கேட்டது. மெதுவாகப் போய் அடுப்புக் கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

"கண்ணு," என்று உள்ளிருந்தே கேட்டாள் கோகிலவாணி. "அன்னைக்கு எஞ்சின் கொதிச்சப்ப, சூட்டு மீட்டர் முள் ஏறினதைப் பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா," என்றாள் நஸ்ரின்.

"சிவப்புக்குப் போனதையும்?"

"அதையும்தான்."

"அப்புறம் ஏன் நிறுத்தலை?"

"முடிக்கறதுக்கு மூணு கிலோமீட்டர்தானேக்கா இருந்துச்சு!"



சூசை கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். வந்து நஸ்ரினுக்குப் பக்கத்து டயரில் உட்கார்ந்தார்.

"டீ குடிக்கிறியாம்மா?"

மறுநாள் காலை ஏழு மணிக்கே இரண்டு பேரும் பட்டறை வாசலில் நின்றார்கள். கோகிலவாணி எட்டேகாலுக்கு வந்தாள். பிள்ளைக்கு இன்றைக்கு ஒரு ஷூவைக் காணோமாம். தேடிக் கொடுத்துவிட்டு வர வேண்டாமா?

அடுப்பைத் திறந்தார்கள். ஹெட் தண்ணீர்ப் பானை மாதிரி சில்லென்று இருந்தது. போல்ட்டைத் தளர்த்தி எடுத்து மேசையில் வைத்தார்கள். தண்டைப் படுக்க வைத்து, எண்ணெய் விட்டு, மூடிகளை முறுக்கினாள் கோகிலவாணி.

"சுத்துங்ணா."

"நீங்களே சுத்துங்க, மாஸ்டர்."

"சுத்துங்கன்னா."

சூசை நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார்.

தண்டு சுற்றியது.

கண்ணைத் திறந்து இன்னொரு தடவை சுற்றினார். அவர் விட்ட பிறகும் அது கொஞ்ச தூரம் தானாகப் போய் நின்றது.

நஸ்ரின் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சூசை தரையில் உட்கார்ந்துவிட்டார். நேற்றுக் காலையில் இழுத்த மூச்சை இப்போதுதான் விட்டார்.

"அங்கிள், அழறீங்களா?"

"சேச்சே. எண்ணெய் தெறிச்சிடுச்சு."

"கண்ணுலயா? ரெண்டு கண்ணுலயுமா?"

கோகிலவாணி ஹெட்டைத் திருப்பிப் போட்டாள். மேல்பக்கம் நிமிர்ந்ததில், அடிப்பக்கத்தின் நடு இப்போது கொஞ்சம் புடைத்திருந்தது. அதைச் சீவ வேண்டும். மிச்சமிருக்கிற அந்த ஒரேவாட்டி.

அவள் மெஷினின் சாவியை எடுத்து சூசையிடம் நீட்டினாள்.

சூசை தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "என்கிட்டயா? நீங்க பண்ணுங்க, மாஸ்டர். ஒரு மயிரிழை தப்பினாலும் இந்தப் பொண்ணு கதை முடிஞ்சுது."

சாவி நீட்டியபடியே இருந்தது.

"இங்க பாருங்க, என் கை எப்படி நடுங்குதுன்னு."

கோகிலவாணி பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நேத்து நடுங்கலீங்களே," என்று சொல்லி, சாவியை அந்தக் கையில் வைத்தாள்.