விலகச் சொன்னவருக்கு என்ன லாபம்?

தர்க்கம் கற்பிக்கும் அளவையியல் பேராசிரியர் எஸ்தர் "இந்தப் பாடத்திலிருந்து விலகிவிடு" என்று சொன்னால், பிள்ளைகள் பெரும்பாலும் அழுவார்கள். இசக்கியம்மாள் அழவில்லை. "ஏன்?" என்று கேட்டாள்.

"யோசித்துப் பார்" என்றார் பேராசிரியர்.

அன்று முழுவதும் இசக்கி பேராசிரியரைப் பற்றியே யோசித்தாள்.

விலகல் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வசதி. தேர்வுக்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டால் மதிப்பெண்ணும் கிடையாது, அரியரும் கிடையாது. அடுத்த ஆண்டு புதிதாகப் படித்துக்கொள்ளலாம். ஆனால் டிரான்ஸ்கிரிப்ட் என்னும் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு நேரே, விலகியதற்கு அடையாளமாக டபிள்யூ என்று ஓர் எழுத்து விழும். விழுந்தால் விழுந்ததுதான். மறுபடி படித்துத் தங்கப் பதக்கமே வாங்கினாலும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இசக்கி மேற்படிப்புக்கு டெல்லி போக நினைத்திருந்தாள். அங்கே ஆளைக் கூப்பிடுவதற்கு முன் டிரான்ஸ்கிரிப்டைத்தான் பார்ப்பார்கள்.

"உன்னை மட்டுமா விலகச் சொன்னாங்க?" என்று கேட்டாள் அறைத்தோழி ஜெனிட்டா, விடுதிச் சப்பாத்தியைக் குருமாவில் ஊறவைத்தபடி.

"சுடலியையும் சொல்லியிருக்காங்க. அந்தக் கடைசி பெஞ்சுக்காரியையும்."

"அப்போ சரியாத்தான் இருக்கு. ஏட்டி, விலகினவங்க தேர்ச்சி விகிதத்துல வரமாட்டாங்கல்லா? மக்குகளை முன்னாலயே கழிச்சுவிட்டா மேடத்துக்கு நூத்துக்கு நூறு."

"யாருட்டி மக்கு?"

"நான் சொல்லல. எஸ்தர் மேடம் சொல்லுதாங்க."

பேச்சுப்போட்டிகளில் வாங்கிய கோப்பைகளுக்கு அலமாரியில் இடமில்லாமல், ஒன்றில் பல் துலக்கும் பிரஷை வைத்திருப்பவள் இசக்கி. அவளா மக்கு? பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் துறைக்குப் போனபோது, பேராசிரியர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். இசக்கி உட்காரவில்லை.

"மேடம், நேராவே கேக்கிறேன். நான் விலகினா உங்களுக்கு என்ன லாபம்?"

"என் தேர்ச்சி விகிதம் கூடும்" என்றார் பேராசிரியர். "டீ குடிக்கிறியா?"

மறுப்பார், மழுப்புவார், அப்போது இதைச் சொல்லலாம், அதைக் காட்டலாம் என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள் இசக்கி. அத்தனையும் வீண். அதனாலேயே கோபம் கூடியது.

"ஒத்துக்கிட்டீங்களா? அப்புறம் உங்க யோசனையை நான் எப்படி நம்புறது?"

பேராசிரியர் டீயை ஆற்றினார்.

"மார்க்கெட்டுல ஒரு குடைக்காரர் இருந்தார். போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் 'இன்னைக்கு மழை வரும்'னு சொல்லிக்கிட்டிருந்தார். ஒரு அம்மா நின்னு சண்டை பிடிச்சாங்க. 'குடை விக்கணும்னுதானே சொல்றீரு?' குடைக்காரர் 'ஆமா, விக்கணும்'னுட்டார். ஜெயிச்ச சந்தோஷத்துல அந்த அம்மா கிளம்பிட்டாங்க."

"சரியாத்தானே கேட்டிருக்காங்க!"

"அன்னைக்கு மழை பெஞ்சுதா?"

"அதை நீங்க சொல்லவே இல்லையே."

"நீயும் கேக்கலையே."

சுற்றி வளைக்கிறார் என்று பட்டது இசக்கிக்கு. சுற்றி வளைப்பவர்களிடம் மறைக்க ஏதோ இருக்கும்.

"கதையெல்லாம் வேண்டாம் மேடம். முதல்ல உங்க லாபத்தை விட்டுக்கொடுங்க. அப்புறம் உங்க யோசனையைப் பேசலாம்."

"நியாயம்" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் துறைத்தலைவருக்குப் போன் போட்டார்.

"சார், என் பாடத்துல விலகுற பிள்ளைங்களையும் தோத்தவங்க கணக்கிலேயே சேர்த்துக்கோங்க... விதியில இல்லதான். நானே கேட்டுக்கிறேன்... சரி, எழுதியே தாரேன்."

மறுமுனையில் "உங்களுக்கென்ன கிறுக்கா?" என்றது இசக்கிக்கே கேட்டது.

பேராசிரியர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். "போற வழியில அவர்கிட்ட குடுத்துரு. இனி நீ விலகினா எனக்கும் நஷ்டம். இப்பவும் அதையேதான் சொல்றேன். விலகிடு."

இசக்கி தாளை வாங்கினாள். படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"பெருந்தன்மைக்காரின்னு பேர் வாங்கப் பாக்கறீங்க."

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "இருக்கலாம். அதையும் என் லாபக் கணக்குல சேர்த்துக்கோ."

இனி எதைப் பிடித்து இழுப்பது என்று தெரியாமல் இசக்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி, சொல்லுங்க. ஏன் விலகணும்?"

"போலி வாதங்கள்னு ஒரு பகுதி நடத்தினேன். பாடத்துல பாதி அதுதான். நீ எங்கே இருந்தே?"

"கோயம்புத்தூர். திருச்சி. பல்கலைக்கழகத்துக்காகத்தானே மேடம் பேசப் போனேன்? கோப்பையோட வந்தேனே!"

"வந்தே. நல்ல கோப்பை."

இசக்கி தரையைப் பார்த்தாள். அவள் குரல் அன்று முதல்முறையாக இறங்கியது.

"மேடம், ஒரு வருசம் போனாப் போகுது. படிச்சுக்குவேன். அந்த டபிள்யூதான். டெல்லியில அதைப் பாத்ததுமே, 'இவ விலகினவ, இவ சொல்றதைக் கேக்க வேண்டாம்'னு தள்ளி வெச்சிருவாங்க. எனக்குள்ள என்ன இருக்கு, நான் எழுதினது சரியா தப்பான்னு ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

"அப்படித் தள்ளுறது தப்பா?"

"தப்புதான்!" இசக்கி நிமிர்ந்துவிட்டாள். "அப்பட்டமான தப்பு! ஆளைப் பத்தி ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டா, அவ சொல்ற விசயத்தைப் பாக்க வேண்டாமா? எந்த ஊரு நியாயம் இது?"

"அருமை" என்றார் பேராசிரியர். "இந்தத் தப்புக்குப் பாடத்துல என்ன பேரு?"

அந்தப் பேரைச் சொல்லித் தந்த நாளில் இசக்கி கோயம்புத்தூரில் இருந்தாள்.

பேராசிரியர் இன்னொரு தம்ளரில் டீ ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அதைக் கையில் வாங்க, இசக்கி அந்தத் தாளை மேசைமேல் வைக்க வேண்டியிருந்தது.

"சரி, பேரு வேண்டாம். அதுக்கு ஒரு உதாரணம் சொல்லு. டெல்லி வரைக்கும் போகாதே. நேத்துல இருந்து இந்த நிமிசத்துக்குள்ள, இந்த ஊருக்குள்ளேயே ஒண்ணு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். இசக்கி டீயைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தாள். பேராசிரியரைப் பார்க்கவில்லை.

"அவசரம் இல்ல, விலக இன்னும் நாள் இருக்கு" என்றார் பேராசிரியர். "அதுக்குள்ள அந்த உதாரணத்தைச் சொல்லிட்டீன்னா, நீ விலக வேண்டாம்."